இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு ஒரு கால் நீளமாகத் தெரிகிறதே, டாக்டர்?

கரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தொழில் செய்பவர். மூச்சிரைப்புக்காகப் பல வருடங்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். இடது இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது நசுங்கிப்போயிருக்கிறது. ஏ.வி.என். என்று டாக்டர்கள் சொல்லும் நோய் இது. ஆறு வருடம் விந்தி விந்தி நடந்தவர், பத்து வாரத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டை முழுதாக மாற்றிக்கொண்டார். வலி விட்டுவிட்டது. ஆனால் வாக்கரைப் பிடித்து முதன்முதலாக எழுந்து நின்ற அன்றே இடது கால் நீளமாக இருப்பதாகப் பட்டிருக்கிறது. "நானே அளவெடுத்துத் தைத்த உள்பாவாடை டாக்டர் ஐயா, இப்போது இடது பக்கம் தரையில் புரளுது, வலது பக்கம் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நிற்குது. வலது குதிகால் தரையில் ஒழுங்காகப் பதிய மாட்டேன் என்கிறது" என்கிறார்.

பிசியோதெரபிஸ்ட் டேப் வைத்து அளந்து 2 சென்டிமீட்டர் என்றாராம். ஆபரேஷன் செய்த டாக்டரோ எக்ஸ்ரேயைப் பார்த்து 7 மில்லிமீட்டர்தான், நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரை நம்புவது என்று தெரியாமல், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வலது செருப்பில் 2 சென்டிமீட்டர் உயரம் ஏற்றி, மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது அடி முதுகு வலிக்கிறது. ரோபோ வைத்துச் செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறான் மகன். கேஸ் போடலாம் என்கிறார் கொழுந்தனார். மறுபடி திறந்து காலைக் குறைத்துவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வலது இடுப்பிலும் அதே நோய் ஆரம்பித்திருப்பதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது என்பதையும் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறார்.

அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்தப் பாவாடைதான். டேப்பையும் எக்ஸ்ரேயையும் விட அது அதிகம் சொல்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கால் நிஜமாகவே நீண்டிருந்தால், இரண்டு குதிகாலையும் தரையில் பதித்து முட்டியை மடக்காமல் நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பெலும்பு மேலே தூக்கும். பாவாடையின் கரையும் அந்தப் பக்கம் தூக்கித் தெரியும். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. ஆபரேஷன் செய்த இடது பக்கம் கரை தாழ்ந்து தரையில் புரள்கிறது, வலது பக்கம் தூக்குகிறது. அப்படியென்றால் உங்கள் இடுப்பெலும்பு இடது பக்கமாகச் சரிந்து நிற்கிறது. சரிந்த இடுப்பிலிருந்து தொங்குகிற கால், தான் நீளாமலேயே நீளமாகத் தெரியும். ஏணியைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு கால் தரையைத் தொட்டு மறு கால் அந்தரத்தில் நிற்கிறதல்லவா, ஏணிக் கால்களின் நீளத்தில் குறையா அது?

ஏன் இடுப்பு சரிகிறது? ஆறு வருடம் நசுங்கிய மூட்டோடு நடந்திருக்கிறீர்கள். பந்து நசுங்கியதால் கால் குட்டையாகி, அதற்குத் தக்கபடி இடுப்பின் வெளிப்பக்கத் தசைகளும் சுருங்கிக்கிடந்தன. ஆபரேஷனில் புதுப் பந்தும் கிண்ணமும் வைத்து, கால் பழைய நீளத்துக்குத் திரும்பியதும் அந்தத் தசைகள் விறைத்து இழுக்கின்றன. காலைச் சற்று வெளியே அகட்டி வைத்தால்தான் அவற்றுக்குச் சௌகரியம். நீங்களோ நடப்பதற்காக இரண்டு காலையும் சேர்த்து வைக்கிறீர்கள். அகல முடியாத கால், இடுப்பெலும்பைத் தன் பக்கம் கீழே இழுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஆறு வருடமாகக் குட்டைக் காலுக்குப் பழகிய மூளைக்கு இப்போது சரியான நீளமே அதிகமாகப் படுகிறது.

இதைத் தோற்ற நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பிலும் உலோகத்திலும் இருக்கும் நிஜமான வித்தியாசம் வேறு. இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. தோற்ற நீளம் பெரும்பாலானவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், தசைகள் இளகி, முதுகு நிமிர்ந்து, குறைந்துவிடுகிறது. உங்களுக்கு ஆகியிருப்பது பத்து வாரம். பாவாடையை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. முதுகெலும்பில் வளைவு இருந்தாலும் இடுப்பு சரியும், நிஜமாகக் கால் நீண்டவர்களும் முட்டியை மடக்கி இடுப்பைச் சமமாக்கிக்கொள்வார்கள். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனாலும் உங்களுக்குத் தெரிவதில் பெரும்பங்கு தோற்ற நீளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

இரண்டு அளவும் சரியாக இருக்கலாம்

பிசியோதெரபிஸ்ட் சொன்ன 2 சென்டிமீட்டரும் டாக்டர் சொன்ன 7 மில்லிமீட்டரும் ஒன்றுக்கொன்று முரண் என்று வருந்துகிறீர்கள். முரண் இல்லை. பிசியோதெரபிஸ்ட் டேப்பின் முனையைத் தொப்புளில் வைத்து உள்கணுக்கால் வரை அளந்திருப்பார் என்று நினைக்கிறேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், தொப்புளில்தானே வைத்தார்? அது தோற்ற நீளத்தை அளக்கும் முறை. இடுப்பின் சரிவும் அதில் சேர்ந்துவிடும். நிஜ நீளத்துக்கு, வயிற்றின் கீழே இரு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்பு முனையிலிருந்து உள்கணுக்கால் வரை அளக்க வேண்டும். எக்ஸ்ரேயில், இடுப்பெலும்பின் இரு பக்கத்தையும் இணைத்து ஒரு கோடு போட்டு, தொடையெலும்பின் உள்பக்கச் சிறு மேடு அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்ப்போம். அந்த 7 மில்லிமீட்டர் இப்படி வந்ததாக இருக்கும்.

எக்ஸ்ரேக்கும் குறை உண்டு. படத்தில் எலும்பு உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாக விழும். கால் திரும்பியிருந்தால் அளவு மாறும். இடுப்புப் படத்தில் முட்டிக்குக் கீழே உள்ள வித்தியாசம் தெரியாது. அதனால் எனக்குப் பிடித்த பரிசோதனை மிகப் பழையது, செலவும் இல்லாதது. 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் கனத்தில் மரப்பலகைத் துண்டுகள் என் அறையில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. நோயாளியை நிற்க வைத்து, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொண்டு, குட்டையாகத் தெரியும் காலுக்கு அடியில் பலகையை ஒவ்வொன்றாக வைக்கச் சொல்வேன். "இப்போ சமமா இருக்கா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனால், ஓர் இடத்தில் அவர்களே "ஆங், இப்போ சரி" என்பார்கள். அந்தக் கனத்தையும் எக்ஸ்ரே அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு நிஜம், எவ்வளவு தோற்றம் என்பது பிடிபடும். பலகை வைத்த பிறகும் இடுப்பு சமமாகாமல் விறைத்து நின்றால் கோளாறு தசையிலோ முதுகிலோ இருக்கிறது.

7 மில்லிமீட்டர் நிஜ வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும் பயப்படாதீர்கள். ஆபரேஷனே செய்துகொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்கும் இரண்டு கால்களுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு. அது தெரியாமலேயே வாழ்ந்துவிடுகிறார்கள். மூட்டு மாற்றியவர்களில் 1 சென்டிமீட்டர் வரை பலருக்கும் பழகிவிடுகிறது. அதைத் தாண்டினால் உணர்வது கூடும். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் முதுகுவலி, விந்தல், சோர்வு என்று நிஜமாகவே தொல்லை கொடுக்கலாம். இது ஆளுக்கு ஆள் மாறும். 6 மில்லிமீட்டருக்கே தவிப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், 15 மில்லிமீட்டரோடு வயலில் வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் தப்பாக அளந்துவிட்டாரா?

மூட்டு மாற்றும்போது எங்களுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, இரண்டு காலும் சமமாக வர வேண்டும். இன்னொன்று, மூட்டு நழுவக் கூடாது. இரண்டாவது கவலைதான் எங்களை ராத்திரி தூங்கவிடாது. தசைகள் தளர்வாக இருந்தால், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போய்க் குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போது பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். அதனால் நிஜ மூட்டைப் பொருத்தும் முன் மாதிரிப் பந்து ஒன்றை வைத்து, காலை மடக்கியும் திருப்பியும் இழுத்தும் பார்ப்போம். தளர்வாக இருந்தால் சற்று நீளமான கழுத்துள்ள பந்தை எடுப்போம். இந்தப் பந்துகள் 3, 4 மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் வருகின்றன, நடுவில் ஓர் அளவு கிடையாது. நழுவுகிற சமமான காலா, உறுதியான 5 மில்லிமீட்டர் நீளமான காலா என்று வந்தால், நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் டாக்டரும் அப்படிச் செய்திருக்கலாம். அது கவனக்குறைவு ஆகாது.

ஆனால் இதை ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். "ஆறு வருஷம் குட்டையாக இருந்த கால், புதுசாக நீளமாகத் தெரியும், சில மாசம் எடுக்கும்" என்று இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் நீங்கள் இவ்வளவு தவித்திருக்க மாட்டீர்கள். ஆபரேஷன் செய்யும் எங்களில் பலரும் இந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுப்பதில்லை. உங்கள் கோபத்தில் இந்தப் பகுதி முழு நியாயம்.

மகனிடம் சொல்லுங்கள்: கம்ப்யூட்டர் வழிகாட்டலும் ரோபோவும் அளவைத் துல்லியமாக்க உதவுகின்றன, உண்மைதான். எக்ஸ்ரேயின் மேல் முன்கூட்டியே அளவு போட்டுப் பார்ப்பதும், ஆபரேஷனுக்கு நடுவே எக்ஸ்ரே எடுப்பதும் அதே நோக்கத்துக்குத்தான். ஆனால் ஆறு வருடம் சுருங்கிய தசையை எந்த ரோபோவாலும் ஒரே நாளில் இளக்க முடியாது.

உயரம் ஏற்றிய செருப்பைக் கழற்றுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இந்தச் செருப்புதான். வலது பக்கம் 2 சென்டிமீட்டர் ஏற்றும்போது, ஏற்கெனவே தூக்கி நிற்கும் வலது இடுப்பை அதே இடத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுகிறீர்கள். இளக வேண்டிய இடதுபக்கத் தசைக்கு இளக வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. மூன்று வாரத்தில் வந்த முதுகுவலிக்கு இது காரணமாக இருக்கலாம். எத்தனையோ பேர் சரியாகிவிட்டிருக்க வேண்டிய சரிவை இப்படி நிரந்தரமாக்கிக்கொள்கிறார்கள். ஒரேயடியாகக் கழற்றினால் தடுமாற்றமாக இருக்கும் என்று பயந்தால், முதலில் பாதியைச் சீவி எடுக்கச் சொல்லி, பத்து நாளில் முழுதாக விடுங்கள். அதுவரை கைத்தடி இருக்கட்டும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பாதிப் பேர் ஆபரேஷன் செய்த பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். உங்களுக்கு இடது இடுப்பு, எனவே தடி வலது கையில் இருக்க வேண்டும். இடது காலும் தடியும் சேர்ந்து முன்னே போக வேண்டும்.

பயிற்சியில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன், மற்றதைப் பிசியோதெரபிஸ்ட் உங்களைத் தொட்டுப் பார்த்துச் சொல்லித் தர வேண்டும். சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு ஜாண் இடைவெளி. இரண்டு முட்டியும் நேராக. இப்போது வலது குதிகாலைத் தரையில் அழுத்துங்கள், இடது முட்டி மடங்க விடாதீர்கள். இடது இடுப்பின் வெளிப்பக்கத்தில் ஓர் இழுவை தெரியும். அந்த இழுவைதான் மருந்து. பத்து எண்ணி விடுங்கள், பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இழுவை வரலாம், குத்தும் வலி வரக் கூடாது. இடது காலை வலது காலுக்குக் குறுக்கே கொண்டுபோகும் பயிற்சிகளை உங்கள் டாக்டர் அனுமதிக்காமல் செய்யாதீர்கள், அந்த நிலையில் மூட்டு நழுவும் அபாயம் உண்டு.

தையல் மெஷினில் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் சரி என்றால் உட்காரலாம், ஆனால் தாழ்வான ஸ்டூலில் வேண்டாம். உட்காரும்போது முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். நாற்காலியில் கெட்டியான தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு அடி நடங்கள், உட்கார்ந்தே இருந்தால் இடுப்பின் முன்பக்கத் தசையும் இறுகிவிடும். மெஷினை மிதிப்பதில் பயமில்லை. தரையில் விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிவதில்தான் பயம். அதற்கு வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் சரியாகாவிட்டால்

அப்போது நின்ற நிலையில் இரண்டு காலையும் முழுதாக எடுக்கும் எக்ஸ்ரே எடுத்து அளக்க வேண்டும். நிஜ வித்தியாசம் 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, உங்களுக்கும் தொல்லையாக இருந்தால் செருப்பில் உயரம் ஏற்றுவது நல்ல வழி. முழு அளவும் ஏற்றக் கூடாது, பாதியில் தொடங்கி உடம்பு கேட்கிற அளவுக்குக் கூட்டலாம். ஷூவுக்குள் வைக்கும் அட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாங்காது, குதிகால் வெளியே வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் வெளிச் சோலில் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் ஒட்ட வேண்டும். நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறோம், நாளில் பாதி வெறுங்காலில்தான் நிற்கிறோம். அதனால் அடுப்படிக்கென்று தனியாக இன்னொரு ஜோடிக்கும் உயரம் ஏற்றினால்தான் பலன்.

மறு ஆபரேஷன் கடைசி வழி. பக்கத்து வீட்டுக்காரர் நினைப்பதுபோல் காலை வெட்டிக் குறைப்பதில்லை. இருக்கும் பந்தை எடுத்துவிட்டுக் குட்டைக் கழுத்துள்ள பந்தை வைக்கலாம், அல்லது கிண்ணத்தையோ தொடைக்குள் இருக்கும் தண்டையோ கழற்றி வேறு வைக்கலாம். குறைத்தால் தசை தளரும், நழுவும் அபாயம் கூடும். தொற்று அபாயம் முதல் ஆபரேஷனைவிட அதிகம். எலும்போடு ஒட்டிக்கொண்ட தண்டை எடுக்கும்போது தொடையெலும்பு உடையவும் கூடும். நரம்பு இழுபட்டிருந்தால், மூட்டுப் பாகம் தவறான நிலையில் இருந்தால், அல்லது பெரிய வித்தியாசம் எல்லா வழியையும் பார்த்த பிறகும் வாழ்க்கையை முடக்கினால் அதைப் பற்றி யோசிக்கலாம். 7 மில்லிமீட்டருக்கு யாராவது செய்கிறேன் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசி வரியாக எழுதிய வலது இடுப்பை நான் கடைசியாக நினைக்கவில்லை. ஏ.வி.என். இரண்டு பக்கமும் வருவது சகஜம். வலது பந்து நசுங்க ஆரம்பித்தால் அந்தக் கால் குட்டையாகி, இடது கால் இன்னும் நீளமாகத் தெரியும். ஆகவே வலது இடுப்பையும் எக்ஸ்ரேயில் தொடர்ந்து கவனிக்கச் சொல்லுங்கள். பின்னால் எப்போதாவது அந்தப் பக்கமும் மூட்டு மாற்ற வேண்டி வந்தால், இரண்டு காலையும் சமமாக்க அதுதான் நல்ல சந்தர்ப்பம். இப்போதே இடது பக்கத்தைத் திறந்து குறைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். சமமாக்குவதற்காக மட்டும் வலது ஆபரேஷனை அவசரப்படுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்றால், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. மூச்சிரைப்புக்குப் பார்க்கும் டாக்டரிடம் இன்ஹேலருக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினால், பாதத்தின் மேல்பகுதி மரத்தாலோ எரிந்தாலோ நரம்பு இழுபட்டிருக்கலாம். திடீரென்று வலி வெட்டி, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கும். காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சிவப்பு, நீர் கசிவு, ஓய்விலும் விடாத வலி என்றால் தொற்று இருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ ரத்தக்கட்டியாக இருக்கக்கூடும், அதை உங்கள் பழைய மூச்சிரைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு வாரம் கால் குட்டையாகிக்கொண்டே வந்தாலும் தண்டு கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேஸ் விஷயம்

நான் வக்கீல் இல்லை. டாக்டராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கால் நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது. அதே சமயம் உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, உங்களுக்குள் வைத்த மூட்டின் அளவும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஆகிய ஐந்தும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வழக்குக்குப் போகாவிட்டாலும் அந்த ஸ்டிக்கர் பத்து வருடம் கழித்து வேறொரு டாக்டருக்குத் தேவைப்படும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. எனவே கொழுந்தனார் சொல்கிற அவசரம் எதுவும் இல்லை. ஆறு மாத அளவு கையில் வந்த பிறகு, வேறொரு எலும்பு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் உங்கள் டாக்டரிடமே ஒருமுறை போங்கள். "சரியாகுமா?" என்று கேட்டால் "சரியாகும்" என்றுதான் பதில் வரும். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "ஆபரேஷனுக்கு முன்னால் என் இடது கால் எவ்வளவு குட்டையாக இருந்தது? எவ்வளவு நீட்டினீர்கள்? இப்போது தெரிவதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு இடுப்புச் சரிவு? என் முதுகு வளைந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?" இதற்கு உட்கார்ந்து பதில் சொல்கிறவராக இருந்தால் அவரிடமே தொடருங்கள்.

மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அன்றைக்கு அந்த உள்பாவாடையையே கட்டிக்கொண்டு போங்கள். உயரம் ஏற்றிய செருப்பை வீட்டில் விட்டுவிட்டு, டாக்டர் முன்னால் வெறுங்காலில் முட்டியை நேராக்கி நின்று, கரை எந்தப் பக்கம் புரள்கிறது என்று அவரையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்போது புரளும் அளவை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தீர்களானால், அன்றைக்கு அதனோடு ஒப்பிட்டுவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.